இரட்டை அன்னம்

அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு இந்தப் பக்கம்
ஹனூன் காக்காவின் புத்தகக் கடையில்
கழுத்தைக் கோத்த இரண்டு அன்னங்கள்
ஒரு வாழ்த்து அட்டையில்,
கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கின.
விலை ஐந்நூற்றி இருபது.

நகத்தால் ஸ்டிக்கரைக் கிளப்பினேன்.
அடியில் முந்நூற்றி எண்பது.
அதற்கும் அடியில் நூற்றி அறுபது.
அதற்கும் அடியில், மை வெளுத்து, எழுபத்தைந்து.
அன்னங்களுக்கு மட்டும் வயதே போகவில்லை.

"பிய்க்காதீங்க தங்கச்சி," என்றார் காக்கா,
"பிய்ச்சா அந்த விலைக்குத் தருவன் எண்டு நினைப்பா?"
நினைத்துத்தான் பிய்த்தேன்.

ஆசுபத்திரியில்
மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால்
நானும் சிபானாவும்.
எங்களுக்கு அட்டைக்கா பஞ்சம்?
சீனி வருத்தக் குளிசை வந்த பெட்டி,
பிரஷர் குளிசை வந்த பெட்டி,
பிரித்து விரித்தால் உட்பக்கம்
எருமைத் தயிர் வெள்ளை.
பசைக்குச் சோற்றுப் பருக்கை.
பூவுக்குக் குளிசை உரித்த வெள்ளித்தாள்.

டொக்டர் இம்தாத்துக்கு மகள் பிறந்தபோது
நாங்கள் கொடுத்த வாழ்த்தின் முதுகில்
'சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'
என்று மூன்று மொழியிலும் இருந்தது.
அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
காலாவதித் திகதியைப் பார்த்தார்.

காவலாளி ரத்னசிங்கத்தாரின் அறுபதுக்குச்
சீனி வருத்தப் பெட்டி.
"ஆளுக்கேத்த பெட்டி," என்றாள் சிபானா.
பெருநாளுக்கும் தீபாவளிக்கும் அன்ரிபயோட்டிக்,
நத்தாருக்கு மட்டும் விற்றமின் சி,
அந்தச் செம்மஞ்சள் நிறத்துக்காக.

வட்ஸ்அப்பில் அனுப்பலாம்தான்.
அனுப்புகிறோம்.
ரோஜா துடிக்கும், விளக்கு எரியும்,
நாற்பது பேருக்கு ஒரே விரலில்.
காசில்லை.
அதனால்தானோ என்னவோ
ஒருவரும் அதை
அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைப்பதில்லை.

கார்த்திகையில் என் பிறந்தநாள்.
மழை. பஸ் பிந்தி, ஈரக் காலோடு வந்தால்
இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே
உறைக்குள் அன்னங்கள்.
நாலு விலையையும் சுரண்டியிருந்தாள்.
மூலையில் ஒரு ஐந்து மட்டும்
போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு நின்றது.

"விசரா உனக்கு? ரெண்டு கிலோ அரிசிக் காசு!"
"ஒரு நாளைக்காவது
பெட்டியில்லாம வாழ்த்துவம் எண்டுதான்."

உள்ளே பென்சிலால் எழுதியிருந்தாள்:
'என்ட சோபிதாவுக்கு.
ஊசி மாதிரிப் பேசு, மருந்து மாதிரி இரு.'
பென்சில் ஏன் என்று கேட்டேன்.
"அழிச்சிட்டு நீ வேற ஆருக்கும் குடுக்கலாமே."

நான் அழவில்லை.
கணக்குப் பார்த்தேன்.

பின்னேரம் ஒரே குடைக்குள் இருவரும் போனோம்.
காக்கா காசு திரும்பத் தரமாட்டார்,
சாமான் மாற்றித் தருவார்.
ஒரு பசைப் போத்தல்,
மூன்று நிறத்தில் மினுக்குத் தூள்,
ஓரத்தை அலையாக வெட்டும் கத்தரிக்கோல்,
மிச்சத்துக்கு இரண்டு அழிறப்பர்.

அழிறப்பர் கையில் இருந்தது.
அழிக்க வேண்டும் என்று
இருவருக்கும் தோன்றவில்லை.
காக்காவும் திறந்து பார்க்கவில்லை.
சாரன் தலைப்பால் துடைத்தார்,
புது ஸ்டிக்கர் அடித்தார்,
பழைய கம்பியிலேயே தொங்கவிட்டார்.
ஐந்நூற்றி எழுபது.

இப்போது ஒவ்வொரு பின்னேரமும்
தம்பிலுவில் பஸ்ஸுக்கு நிற்கையில் எட்டிப் பார்க்கிறேன்.
இருக்கிறது.
ஒருநாள் யாரோ வாங்கிப் போவார்கள்.
உள்ளே என் பெயரைக் கண்டு ஏசுவார்கள்.
அதற்கு மேலேயே பேனையால்
இன்னொரு பெயரை அழுத்தி எழுதுவார்கள்.

போன கிழமை ஒரு பெடியன்
கையில் எடுத்துவிட்டான்.
எனக்கு நெஞ்சு பக்கென்றது.
புரட்டி விலையைப் பார்த்தான்.
இன்னொரு தரம் பார்த்தான்.
மெல்லத் திரும்பக் கொழுவினான்.

இந்த நாட்டில்
ஒரு சாமானின் விலை இன்னும் ஏறட்டும் என்று
பஸ் தரிப்பில் நின்று வேண்டிக்கொண்டவள்
நானாகத்தான் இருக்கும்.