நாற்பது நொடி

அஞ்சரைக்கு வாடைக்காற்றின் வேகம் வாசித்தேன்.
ஏழுக்கு, சொறிமுட்டை பட்ட கையில்
மண்ணைத் தேய்க்காதீங்க என்றார் மண்டபம் டாக்டர்.
பத்துக்கு டீசல் மானியம்.
பாசி எடுக்கும் ஜெனோவா
பாறை கிழித்த காலைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.
நண்டுப்புட்டில் தேங்காய் உண்டா இல்லையா,
கீழக்கரைக்கும் வேதாளைக்கும் தகராறு,
தீரவில்லை, நாளைக்கும் உண்டு.

மாலை ஐந்து: சட்டம் பேசுவோம்.
வக்கீல் வரவில்லை. பாம்பன் பாலத்தில் பஸ் நிற்கிறதாம்.
ரெண்டு தரம் இருமினேன்.
பிறகு ஜன்னலைத் திறந்து
மைக்கை வெளியே நீட்டினேன்.

அலை. காகம். எங்கோ ஒரு வள்ளம்.

நாற்பதாவது நொடியில் போன்.
பெயர் கேட்டேன், சொல்லவில்லை.
"மூணு துடிப்புக்கு ஒருக்கா விக்குதுல்ல,
எங்க இன்ஜின்தான். நேத்தே வரவேண்டியது.
மைக்கை எடுத்துராதீங்க,
உலை வச்சிட்டு வர்றேன்."