ஐந்து கட்டம்

கயானி நகரில் டிசம்பர். மூன்று மணிக்கே விளக்கு.
வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து கட்டுகிற ஹில்ப்பா
இந்த முறை ஒரு குறும்பு செய்தாள்:
இடமிருந்து வலம், மூன்று இடத்தில், ஒரே விடை.
கூசி.
நம் கண் கூசுகிற கூசி அல்ல. ஃபின்லாந்துக் கூசி.

ஐந்துக்கு அடுத்தது, என்பது முதல் குறிப்பு.
அங்கே ஆறு
ஐந்து எழுத்துக்குள் அடங்கிவிடும்.

வெட்டி வந்து, மினுக்கி நிறுத்தி,
பண்டிகை முடிந்ததும் பால்கனி வழியே தள்ளுவது.
இது இரண்டாவது. ஊசியிலை மரம்.
கம்பளத்தில் ஜூன் வரை குத்தும்.

உன்னுடையது, வானத்தில் இருப்பது.
கூ என்றால் நிலா. சி ஒட்டினால்
உன் நிலா.

ஆசிரியர் ஃபோனில் கத்தினார்:
ஒரே சொல்லை மூன்று தரமா?
ஒரே சொல் என்று யார் சொன்னது, என்றாள்.

எண்பத்து நான்கு உறைகள் வந்தன.
பரிசு, அரைக் கிலோ காப்பித் தூள்.
டீசல் வாசனையோடு ஒன்று:
தாவெத்தி, பனி அள்ளும் வண்டி ஓட்டுநர், நகராட்சிக் கொட்டகை.
ஆறு சரி. மரம் சரி.
மூன்றாவதில் மட்டும்
எஸ் வர வேண்டிய கட்டத்தில்
என்.

கூனி.
அந்த ஓர் எழுத்தால்
மேலிருந்து கீழ் இறங்கிய சௌனா
நௌனா ஆகிக் கிடந்தது.
சௌனாவைப் பிழையாக எழுத
அந்த நாட்டில் ஒருவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!
அழித்த தடம் இல்லை. பேனா. அழுத்தமாக.

சிவப்புப் பென்சிலை எடுத்தவள்
தன் குறிப்பைத் தானே வாய்விட்டுப் படித்தாள்.
உன்னுடையது, வானத்தில் இருப்பது.

அந்த ஆள் விடை எழுதவில்லை.
கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறான்.
என் நிலா.

விதி விதிதான். கோடு போட்டாள்.
காப்பித் தூள் ரைலி என்ற பல் மருத்துவருக்குப் போனது.
அந்தத் தாளை மட்டும்
மற்ற எண்பத்து மூன்றோடு குப்பையில் போடாமல்
கோட்டுப் பையில் மடித்து வைத்தாள்,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பஸ் நிறுத்தத்தில் பனி முழங்கால் வரை.
தூரத்தில் ஒரு வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு
தெருவை ஒதுக்கிக்கொண்டு போயிற்று.
அவனாக இருக்கலாம். வேறு யாராகவும்.
அதற்கு நேர் மேலே, முழுசாக, வெட்கமில்லாமல், அது.

கூசி, என்றாள் ஹில்ப்பா,
வண்டி போன திக்கில்.

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன்
காதிலிருந்து ஒரு பக்கம் ஒலிக்கருவியை விலக்கி
கைபேசியைப் பார்த்தான்.

இன்னும் ஆகவில்லை, அம்மா.
நாலரைதான்.