பின் இடது சைபர்

சூர் சனாயியா. ஆகஸ்டு. பகல் பதினொன்று.
தரையில் வைத்த ஸ்பானரை
எடுக்கத் துணி வேண்டும்.

கல்ஃபான் மீன் பிக்கப்போடு வந்தான்.
இரண்டாயிரத்து நாலு மாடல்;
வெள்ளை நிறம் முல்கியாவில் மட்டும் இருக்கிறது.
"பிரேக் பிடிக்குது. ஆனா பிடிக்கல"
என்றான் அரபியில்.
எனக்கு அது தமிழிலேயே புரிந்தது.

வேகத்தில் ஒரு குறையும் இல்லையாம்.
நிற்கப்போகிற கடைசி இரண்டு கஜத்தில்
பெடல் கர்ரென்று உள்ளங்காலைக் கடிக்கிறது.
நேற்று இறங்குதுறைச் சரிவில்
நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்
யாருடைய ஐஸ் பெட்டியையோ நசுக்கியிருக்கிறது.

பேடு பாதி இருந்தது.
ஆயில் கறுத்திருந்தது, குறையவில்லை.
சாவியைத் திருப்பினேன்.
பேட்டரி, ஆயில், ஹேண்ட்பிரேக்,
வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல்
விளக்குகள் எழுந்து நின்றன.
ஏபிஎஸ் மட்டும் ஆஜர் இல்லை.
அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்கேனரைச் செருகி ரொக்கிபுல் மடியில் கொடுத்துவிட்டு
பின்பக்க மண் ரோட்டில் ஓட்டினேன்.
அவன் பரீட்சை ரிசல்ட் போல வாசித்தான்:
முப்பது முப்பது முப்பது முப்பது
இருபது இருபது இருபது இருபது
பன்னிரண்டு பன்னிரண்டு பன்னிரண்டு
சைபர்.
"எது சைபர்?"
"பின்னால, லெஃப்ட்."

மூன்று சக்கரங்கள் இன்னும் உருள்கிறோம் என்கின்றன.
நாலாவது, நான் நின்றுவிட்டேன் என்கிறது,
உருண்டுகொண்டே.
கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது.
பாவம், வழுக்குகிறது போலிருக்கு என்று
பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது.
அந்த ஒரு சொல்லை நம்பி
முக்கால் டன் சூரை முன்னால் சரிகிறது.

ஸ்பேர்பார்ட்ஸ் சைனுதீன் மோப்பம் பிடித்து வந்தான்.
"சென்சார்தானே? ஒரிஜினல் இருபத்திரண்டு ரியால்."
மீட்டரை வைத்தேன். ஆயிரத்து நூறு ஓம்.
வயரை ஆட்டினேன், வளைத்தேன், இழுத்தேன்.
எண் அசையவில்லை.
சைனுதீன் டீ குடிக்கப் போய்விட்டான்.

கழற்ற முக்கால் மணி நேரம்.
சென்சார் உட்காரும் இடத்தில் துரு,
பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக.
ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது,
ஆனாலும் அதைத் தூக்கி நிறுத்தியிருந்தது.
பல்வளையம் வேகமாகச் சுற்றினால் காதில் விழும்.
மெல்லச் சுற்றும்போது
செவிடு.

எங்கிருந்து இத்தனை உப்பு?
அடியில் படுத்துப் பார்த்தேன்.
பின்தளத்தில் விரல் நுழைகிற ஓட்டை,
நேர் கீழே இடது சக்கரம்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஐஸும் ரத்தமும் கலந்த சொட்டு ஒன்று
என் புருவத்தில் விழுந்தது.

கம்பி பிரஷ். எமரி தாள்.
நகக்கண் அளவு கிரீஸ்.
ஓட்டைக்கு ஒரு ரப்பர் குழாய், சக்கரத்தைத் தாண்டி.
ரொக்கிபுல் மறுபடி வாசித்தான்:
எட்டு எட்டு எட்டு எட்டு
ஐந்து ஐந்து ஐந்து ஐந்து.
பெடல் வாயைத் திறக்கவில்லை.

இனி அந்த விளக்கு.
மீட்டர் போர்டைக் கழற்றினேன்.
பல்பு இருக்க வேண்டிய குழியில் கறுப்பு டேப்,
நுனியை உள்ளே மடித்து ஒட்டியது.

நுனியை மடித்து ஒட்டுகிறவன்
இந்தத் தெருவில் ஒருத்தன்தான்.

இரண்டு வருஷம் முந்தி, பாஸிங்குக்கு முந்தின ராத்திரி.
விளக்கு அப்போது விட்டு விட்டு எரிந்தது.
வண்டி வேறொருத்தனுடையது, அவனும் மீன்காரன்,
மறுவாரமே விற்றுவிட்டதாகக் கேள்வி.
ஐந்து ரியால் வாங்கினேன்.
அன்றைக்கு இரவு என்ன சாப்பிட்டேன் என்றுகூட
ஞாபகம் இருக்கிறது.

புது பல்பு முந்நூறு பைசா.
சாவியைத் திருப்பினேன்.
மஞ்சள்.
ஒன்று, இரண்டு, மூன்று. அணைந்தது.
"இதென்ன புது விளக்கு?" என்றான் கல்ஃபான்.
"பழசுதான்."

கூலி பதினைந்து. பத்து போதும் என்றேன்.
மீனை எண்ணி விற்கிறவன், ஏன் என்று பார்த்தான்.
அரபியில் எனக்குச் சொல்லத் தெரியும்.
"பழைய ஹிசாப்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு சூரையை வாலில் பிடித்துத் தூக்கி
என் மேஜைமேல் மல்டிமீட்டர் பக்கத்தில் போட்டுவிட்டு
வண்டியை எடுத்தான்.
மேஜை ஓரத்துக்கு ஓடிய ஐஸ் தண்ணீரை
ரொக்கிபுல் துணியோடு துரத்தினான்.