கீழே இறங்குகிறவள்

மன்னார்குடியில் இரண்டாம் ஆட்டம்.
கரண்டு போன பங்களாவில்
மெழுகுவத்தியோடு ஒருத்தி
நிலவறைப் படி இறங்குகிறாள்.

"அடி கூறுகெட்டவளே,
வாசக்கதவு தொறந்துதானே கெடக்கு!"
மச்சான் வீரையன்தான்.
கொட்டகையே சிரித்தது.
சிரித்துக்கொண்டே
என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

இடைவேளையில் டீயோடு தீர்ப்பு:
கதை எழுதினவனுக்கு மூளை இல்லை.
அவள் வெளியே ஓடியிருந்தால்
இந்நேரம் வீட்டில் தூங்கியிருப்போம் என்றேன்.
"அதுக்கா அறுபது ரூவா குடுத்தோம்?" என்றான்.

வெண்ணாற்றங்கரையில் வரும்போது மணி ஒன்றரை.
மும்முனைக் கரண்டு வந்துவிட்டதாகப் போன்.
கைலியை மடித்துக் கட்டி
வரப்பில் இறங்கினான்,
போன ஆடியில் கட்டுவிரியன் சுருண்டுகிடந்த
அதே மோட்டார் கொட்டகைக்கு.
ஸ்டார்ட்டருக்கு மூடி கிடையாது.
கை ஈரம்.

வாசக்கதவு அவனுக்கும் திறந்துதான் கிடக்கிறது.
திருப்பூர் பஸ், தினம் ராத்திரி ஒன்பதுக்கு.

போகாதே என்று கத்த
தவளைகளை விட்டால் நான்தான்.
கத்தவில்லை.
குத்தகையில் பாதி என் பேரில்;
நாற்றங்கால் வெளுத்துக் கிடந்தது.

அவளுக்கும் அந்த நிலவறையில்
ஏதோ வெளுத்துக் கிடந்திருக்கும்.
அதைக் காட்டாமல் விட்டார்களே, பாவிகள்.

செல்போன் வெளிச்சம்
வரப்பு திரும்பி மறைந்தது.
மோட்டார் இன்னும் இரையவில்லை.