ரசமட்டம்

உருளைக்கிழங்கு தோண்டி முடித்த வாரம்
ரொமுவால்ட் சுத்தியலை எடுத்தான்.
"கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடலாம்" என்றான்.
எந்தக் கிறிஸ்துமஸ் என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் அலமாரிகள் போயின.
இரண்டாம் நாள் தரை:
லினோலியத்துக்குக் கீழே லினோலியம்,
அதற்கும் கீழே இன்னொன்று,
பழுப்பு, பச்சை, மறுபடி பழுப்பு.
வெங்காயம்போல் உரித்துக்கொண்டே போனோம்,
கண்ணும் எரிந்தது.
கடைசியில் பலகை. பலகைக்கடியில் மண்.
மண்ணில் ஒரு தேக்கரண்டி,
யாரும் தேடாதது.

அக்டோபர் முழுக்க அடுப்பில்லை.
படுக்கையறையில் மின்தட்டு வைத்து முட்டை பொரித்தேன்.
பாத்திரங்களைக் குளியல் தொட்டியில்
மண்டியிட்டுக் கழுவினேன்.
ஜன்னல் வழியே பார்த்த தபால்காரர்
ஜெபிக்கிறேன் என்று நினைத்துத்
தொப்பியைக் கழற்றினார்.

குழாய் மாட்ட வேண்டிய வாட்ஸ்வாஃப்
வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.
வியாழக்கிழமைகள் வந்தன.

சுவர் ஓட்டுக்கு மட்டும் பதினோரு நாள் சண்டை.
நான் பால்வெள்ளை என்றேன்,
அவன் தந்தவெள்ளை என்றான்.
மூன்றரை மணிக்கே இருட்டும் ஊரில்
இரண்டும் சாம்பல்தான்.

ஆனால் தரை!
பியாலிஸ்டாக்கில் வாங்கிய புது ரசமட்டத்தைப்
பலகை பலகையாக வைத்து,
குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக் குப்புறக் கிடந்தான்.
என் பிரசவத்தின்போதுகூட
அப்படிப் பதறியவனில்லை.
"கோலிக்குண்டு வைத்தாலும் அசையாது."
வைத்தான்.
அசையவில்லை.

டிசம்பர் இருபத்துமூன்று,
உயிருள்ள கெண்டை வந்தது,
தொட்டியில் விட்டோம்.
இப்போது பாத்திரம் கழுவவும் இடமில்லை.
வாயைத் திறந்து மூடித் திறந்து
எங்கள் கடன் கணக்கையெல்லாம்
அது கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம்
களஞ்சியத்தில் போட்டிருந்த மேசையைத் தூக்கிவந்தோம்.
வீட்டோடு சேர்த்து வாங்கியது.
அதுவரை இடம் மாறியதே இல்லை.
புதுத் தரையில் கால் ஊன்றியதும்
நொண்டியது.
காகிதம் மடித்து வைத்தோம். அட்டை வைத்தோம்.
கவிழ்த்துப் பார்த்தால்
நாலு காலும் நாலு உயரம்.
எவரோ எப்போதோ
கோணல் தரைக்கு ஏற்றபடி
ஒவ்வொரு காலாக அறுத்திருக்கிறார்,
அவசரமில்லாமல்,
முனையில் மணல்தாளும் தேய்த்து.
நீண்ட நாள் தம்பதிபோல்
ஒன்றின் கோணலில் ஒன்று நேராக நின்றிருக்கிறது.
நாங்கள் ஒன்றைத் திருத்திவிட்டோம்.

அவன் ரம்பத்தைத் தேடினான்.
"இன்றைக்கு வேண்டாம்" என்றேன்.
வாசலில் கார் சத்தம்:
க்டான்ஸ்கிலிருந்து அவன் அக்கா யொவிட்டா,
கணவர், மூன்று பிள்ளைகள், ஒரு பை ஆரஞ்சு.

மிச்ச ஓடுகளைக் கால்களுக்குக் கொடுத்தோம்,
ஒரு காலுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்றரை,
பால்வெள்ளையும் தந்தவெள்ளையும் கலந்து.
வைக்கோல் பரப்பி மேலே விரிப்பு போட்டேன்.
முதல் நட்சத்திரம் என்று பிள்ளைகள் கூவினார்கள்.
அது பக்கத்துப் பண்ணையின் விளக்கு.
யாரும் திருத்தவில்லை, பசி.
அப்பத்தைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்தோம்.

பிறகு பீட்ரூட் ரசம்.
ஊற்ற ஊற்ற
ஒவ்வொரு கிண்ணத்திலும்
ஒரே பக்கமாக ஏறி நின்றது,
செக்கச்செவேலென்று.
"தரை கோணலா?" என்றாள் யொவிட்டா.
ரொமுவால்டின் காதுகள்
ரசத்தின் நிறத்துக்கு வந்தன.

அப்போது ஒரு பட்டாணி
முட்டைக்கோஸிலிருந்து தப்பி
மேசை நெடுக உருண்டு,
எதிர்பாராத விருந்தாளிக்கென்று வைத்த
காலித் தட்டில் முட்டி நின்றது.
எல்லோரும் பார்த்தோம்.
அடுத்ததை என் மகள் சுண்டிவிட்டாள்.
அதற்கடுத்ததை யொவிட்டா.
அவள் குறி தப்பவில்லை.

இரவு பதினொன்று.
கெண்டை காலிசெய்த தொட்டியின் முன்
மண்டியிட்டேன்.
யொவிட்டாவும் பக்கத்தில் வந்து மண்டியிட்டுக்
கழுவிய தட்டை வாங்கிக்கொண்டாள்.
"குழாய் எப்போது வரும்?"
"வியாழக்கிழமை" என்றேன்.
"நாளைக்கே வியாழன்தானே?"
தட்டு நழுவித் தண்ணீரில் விழும் அளவுக்குச்
சிரித்தோம்.