இணைப்பு எண் 417

கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்குப் பின்னால்
சைக்கிள் மட்டும் நுழையும் சந்து, மூன்றாவது வீடு.
அட்டையில் பெயர்: செ. வீரபாகு.
முப்பத்தோரு வருஷம் அதில் எண் எழுதினேன்.
வீரபாகுவைப் பார்த்ததில்லை.
நான் வேலையில் சேருமுன்பே செத்துப்போனாராம்.
பெயர் மாற்ற மூன்று மகன்களும்
ஒரே தாளில் கையெழுத்துப் போடவேண்டும்.
தெருவில் எதிரே வந்தால்
செருப்பைப் பார்த்து நடக்கிற மகன்கள்.

எனக்கு மனிதர்கள் யூனிட்டாகத்தான் நினைவிருக்கிறார்கள்.
பதினொன்று என்றால் ஞானசிகாமணி வாத்தியார்:
ஒரு குண்டு பல்பு, ஒரு ரேடியோ,
மாநிலச் செய்தி முடிந்ததும் இரண்டும் அணையும்.
தொண்ணூறு, பெரியாஸ்பத்திரி நர்ஸ் தங்கபுஷ்பம்.
ராத்திரி டூட்டி. பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தி
ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்குவார்.
கதவைத் தட்டினால்
"எத்தனாம் நம்பர் பெட்?" என்றபடி எழுந்து வருவார்.

நடுவே நாலு வருஷம் ஆளே இல்லை,
அருஞ்சுனை அண்ணாச்சியின் வத்தல் மூட்டைகள்.
தும்மிக்கொண்டே எழுதியதில்
ஒருமுறை ஒன்று ஏழாகிவிட்டது.
அந்தத் தடவை பில்லைப் பார்த்து
அண்ணாச்சி தும்மினார்.

மூட்டைகள் போய், மூன்று தரம் வெள்ளையடித்தும்
குடிவந்தவர்களுக்கெல்லாம் முதல் மாதம் தும்மல்.
பவுன்ராஜ் குடும்பத்துக்கும்தான்.
லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதினார் பவுன்ராஜ்.
ஆபீஸை மூடிவிட்டார்கள்.
இரண்டு பில் நிலுவை. துண்டிக்க உத்தரவு.
வயர்மேன் லீவு, என்னை அனுப்பினார்கள்.

மீட்டர் எட்டாத உயரத்தில்.
ஸ்டூல் கொண்டுவந்து போட்டவன் அந்த வீட்டுப் பையன்.
ஆடும் சார் என்று
அதன் காலைப் பிடித்துக்கொண்டும் நின்றான்.
பீங்கான் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
"திரும்ப எப்ப சார் மாட்டுவீங்க?"
"அப்பாவைக் கட்டச் சொல்லு."

பத்து நாள் கழித்து
வீரபாகுவின் நடு மகன் வந்து பணம் கட்டினார்.
போனேன். கதவில் பூட்டு.
அன்றைக்கு ராத்திரியே
இருட்டில் தடவித் தடவிச்
சாமான் கட்டியிருக்கிறார்கள்.

கட்டையைச் செருகினேன்.
உள்ளே அடுப்படியில்
விளக்கு எரிந்தது.

கரண்ட் இல்லாத வீட்டில்
ஸ்விட்சை அணைக்க யாருக்குத் தோன்றும்?
கட்டையைத் திரும்பப் பிடுங்கியிருக்கலாம்.
கை போனது, பாதியில் நின்றது.
ஸ்டூலும் இல்லை அன்று,
பக்கத்து வீட்டு டிரம்மின்மேல் ஏறியிருந்தேன்.

அடுத்த கணக்கெடுப்பில் ஐம்பத்தெட்டு யூனிட்.
நாற்பது வாட் பல்பு, இரவும் பகலும், அறுபது நாள்.
மீட்டர் பொய் சொல்லவில்லை.
வீரபாகு பேரில் எழுதினேன்.

அப்புறம் டைப்பிங் கிளாஸ்,
அப்புறம் யாரோ, யார் யாரோ.
ஒரு வருஷம் புறா வளர்த்தார்கள்,
மீட்டரின்மேல் எச்சம் துடைத்து எண் பார்த்தேன்.
கடைசியாக நான் எழுதியது நூற்று நாற்பது,
ஆள் முகம் ஞாபகமில்லை.

போன வாரம் பூட்டு வாங்க அந்தப் பக்கம் போனேன்.
வீட்டில் இப்போது செல்போன் உறை குடோன், இரண்டு ஏசி.
நெஞ்சு உயரத்தில் புது மீட்டர், சிவப்பாய் மினுக்கியது.
கையில் மெஷினோடு ஒரு பையன்
உள்ளே எட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்:
"இங்க வீரபாகுங்கிறது யாருங்க?"

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து
இந்தி வாடையில் ஒரு குரல்:
"அண்ணன் வெளிய போயிருக்காரு.
வந்துருவாரு."