விழாத சரிவு

நாலுமுக்குக்கு மேலே கம்பி அறுந்து
மூன்றாம் நாள்.
ஏணி என் தோளில். மண்வெட்டி பூதத்தான் கையில்.

சரிவைக் குறுக்கே கடந்தால் கால் மணி நேரம்.
அவர் கடக்கவில்லை.
குனிந்து இடுப்பளவு வெட்டினார்.
மேல்மண்ணில் முஷ்டி புகுந்தது.
ஒரு சாண் கீழே ஒற்றை விரல்.
அதற்கும் கீழே
பென்சில்கூட இறங்காத வழுக்குக் களி,
அதன்மேல் நூல் நூலாய் நீர்.

திராஸில் பனியை இப்படித்தான் பார்ப்போம் என்றார்.
அங்கே வெள்ளையாய் வரும்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அம்பையிலிருந்து ஏ.ஈ. போன்:
“ஊத்துல நாப்பது வீடு இருட்டுல கெடக்கு வே!”
காற்றே இல்லை.
ஒரு தேயிலைச் செடி மட்டும்
காலையில் பார்த்ததைவிட எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது,
அல்லது அப்படித் தோன்றியது.

திரும்பினோம்.

அன்று ராத்திரி சரிவு விழவில்லை.
மறுநாளும்.
வெயில் வந்து, வெள்ளிக்கிழமை
அதன் குறுக்கே நடந்துபோய்த்தான் கம்பியைக் கட்டினோம்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது.
‘காரணம்’ என்ற கட்டத்தில் பூதத்தான்
‘முஷ்டி புகுந்தது’ என்றெழுதிக்
கையெழுத்துப் போட்டார்.

சரிவு இன்னும் நிற்கிறது.
அந்த இடம் வந்தால் மட்டும்
பேச்சை நிறுத்திவிட்டு
இருபதடி இடைவெளியில் நடக்கிறோம்,
ஒருவர் போய்ச் சேரும்வரை
மற்றவர் பார்த்தபடி.